லீவுக்கு வந்தவள்

“எழுதிக் குடும்மா. நானும் என் ரெண்டு புள்ளைங்களும் இந்த வீட்டுலதான் இருக்கோம்னு எழுதி, கீழ உன் கையெழுத்தப் போடு.”

டெர்வ்லா கேட்டே விட்டாள். கேட்கவே கூடாது என்று அவளுக்குச் சொல்லப்பட்டிருந்த ஒரே விஷயத்தை, அடுப்படி மேசையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த அம்மாவின் முகத்துக்கு நேராக, நின்றபடியே கேட்டாள்.

கேட்கக் கூடாது என்று சொன்னவன் அண்ணன் ஆன்டனி. பிப்ரவரியில் அவளையும் பிள்ளைகளையும் விமான நிலையத்திலிருந்து அழைத்து வரும்போது, மாட்டுத்தீவன வாடை அடிக்கும் ஜீப்பில், கண்ணாடியில் வைப்பர் மழையை வழித்துத் தள்ளும் சத்தத்துக்கு நடுவே சொன்னான். “எத்தன நாள் வேணும்னாலும் இரு. யாரும் உன்னப் போன்னு சொல்லப் போறதில்ல. ஆனா ஒண்ணு. அம்மாகிட்ட எந்தப் பேப்பர்லயும் கையெழுத்து மட்டும் கேட்டுறாத.” முப்பது மணி நேரம் பறந்து வந்தவளுக்கு அது பெரிதாகப் படவில்லை. பின் இருக்கையில் மூன்று வயது ஜெட் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். ஏழு வயது இஸ்லா, ஆஸ்திரேலிய வெயிலுக்கு வாங்கிய மெல்லிய செருப்போடு கால் விறைத்து உட்கார்ந்திருந்தாள். சரி என்று தலையாட்டினாள் டெர்வ்லா. அந்தத் தலையை இப்போது சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

அம்மா வின்னி நிமிரவில்லை. “இந்தக் கெழங்கப் பாரு. உள்ள பூரா தண்ணி. பெர்னி கடையில இனிமே வாங்கக் கூடாது.”

“அம்மா.”

“சனிக்கிழம வெயில் வருமாம். ரேடியோவுல சொன்னான். சதுப்புல அவ்வளவு வேல கெடக்கு. அத முடிச்சுட்டுப் பேசலாம்.”

அந்தச் சின்ன ஊரில், கார்னகில்லில், முடியாது என்று யாரும் வாயால் சொல்வதில்லை. கிழங்கைப் பற்றிச் சொல்வார்கள். வானத்தைப் பற்றிச் சொல்வார்கள். அதுதான் முடியாது.

கடிதம் வந்து எட்டு நாள் ஆகியிருந்தது. பிள்ளைப் பணத்துக்கும், தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்க்கான உதவிக்கும் மார்ச் மாதம் அவள் போட்ட விண்ணப்பங்கள் தள்ளுபடியாகியிருந்தன. விண்ணப்பதாரர் இந்நாட்டில் வழக்கமாக வசிப்பவர் என்று கருத இயலவில்லை. ஒரே வரி. இருபத்தோரு நாளுக்குள் ஆதாரத்தோடு மேல்முறையீடு செய்யலாம் என்று கீழே சின்ன எழுத்தில் இருந்தது.

வழக்கமாக வசிப்பவர்! இந்த அடுப்படியின் தரைக் கல்லில் விழுந்துதான் அவளுக்கு முதல் பல் போனது. மாடி அறைச் சன்னல் கட்டையில் அவள் கத்தியால் கீறிய பெயர் இன்னும் இருக்கிறது. இந்த வீட்டிலிருந்துதான் பதினெட்டு வயதில் கல்லூரிக்குப் போனாள். அதற்கு முன் இந்த வீட்டில் யாரும் கல்லூரி வாசலைப் பார்த்ததில்லை. வேதியியல் பட்டம் வாங்கினாள். இங்கே வேலை இல்லை என்றார்கள். பெர்த் நகரத்துச் சுரங்கக் கம்பெனி ஒன்றின் சோதனைக் கூடத்தில் பதினோரு வருசம் வேலை செய்தாள். கறுப்பு அங்கியும் சதுரத் தொப்பியுமாக அவள் சிரிக்கும் படம், திரு இருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்தில், அதே சிவப்பு விளக்கின் வெளிச்சத்தில் தொங்குகிறது. பூசை முடிந்து வீட்டுக்கு வருகிறவர்களிடம் அம்மா அந்தப் படத்தைத்தான் காட்டுவாள். படத்தில் இருப்பவள் இங்கே வசிக்கிறாள். படத்துக்குக் கீழே நிற்பவள் வசிக்கவில்லை.

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது. ஏன் திரும்பி வந்தீர்கள்? அதற்கு நான்கு கோடுதான் இடம் விட்டிருந்தார்கள். டெர்வ்லா ஒரு முழுத்தாளை இணைத்தாள். கணவன் பிரெட்டைப் பற்றி எழுதினாள். வேண்டுமென்றே அவன் அறைந்து சாத்திய கதவையும், அதில் நசுங்கிய வலது கை நடுவிரலையும் பற்றி எழுதினாள். அந்த விரல் இன்றுவரை மடங்குவதில்லை. எழுதும்போது பேனாவின் மேல் தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும்.

அதே விரலோடுதான் வாரத்தில் மூன்று நாள் டவுனில் உள்ள நண்டு ஆலைக்குப் போய் வந்தாள். அம்மாவின் பழைய காரில் இருபது நிமிடம். வேகவைத்த நண்டை உடைத்து, காலிலும் கொடுக்கிலும் இருக்கும் சதையை நோண்டி எடுத்துத் தட்டில் பரப்ப வேண்டும். நகத்துணுக்கு அளவு ஓடு இருந்தாலும் மேற்பார்வைக்காரி தட்டைத் திருப்பி அனுப்பிவிடுவாள். ஓடு கிழித்த இடத்தில் உப்புத் தண்ணீர் ஏறி எரியும். வீட்டுக்கு வந்து மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினாலும் ஜெட் மோந்து பார்த்து, “அம்மா, நண்டு” என்பான். நண்டுப் பருவம் அக்டோபரோடு சரி. அதற்கப்புறம் அந்த மாதப் பணம் வந்தால்தான் அவள் இந்த ஊரில் இருக்க முடியும். வராவிட்டால், பிரெட் அனுப்புவதாகச் சொல்லிக்கொண்டே இருக்கும் விமானச் சீட்டுத்தான்.

ஊருக்கு அவள் வசிப்பது தெரியாமலும் இல்லை. வந்த ஐந்தாம் நாள் ஆன்டனியின் மனைவி கார்மெல், கிரீம் வைத்த கேக்கோடு வந்தாள். கேக்குக்கு அடியில் ஒரு படிவம் இருந்தது. ஊர்ப்பள்ளியில் இரண்டே வகுப்பறை, இரண்டே ஆசிரியைகள். கார்மெல் இரண்டாமவள். பிள்ளைகள் எண்ணிக்கை ஒன்று குறைந்தாலும் செப்டம்பர் தலைக்கணக்கில் அவள் வேலை போய்விடும் என்ற நிலைமை. “இஸ்லாக்குட்டி நம்ம பள்ளிக்கூடத்துக்குத்தான வருவா, இல்லையா?” என்று அவளே கேட்டு, அவளே விலாசத்தை எழுதினாள். இதே வீட்டு விலாசம். டெர்வ்லா கையெழுத்து மட்டும் போட்டாள்.

சனிக்கிழமை வெயில் வந்தது.

சதுப்பு, வீட்டிலிருந்து ஒன்றரை மைல். மே மாதம் இயந்திரம் வந்து வெட்டி, நீள நீளமாகப் போட்டுவிட்டுப் போன மண்கட்டிகள் மேலே தோலாகக் காய்ந்து, அடியில் ஈரம் குடித்துக் கிடந்தன. அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஐந்தைந்தாக ஒன்றின் மேல் ஒன்று சாய்த்து, காற்று உள்ளே புகுந்து வரும்படி நிறுத்த வேண்டும். அப்படி நிறுத்திக் காய்ந்தால்தான் இந்த மண் குளிர்காலத்தில் விறகுபோல் அடுப்பில் எரியும். நாள் முழுக்கக் குனிந்த இடுப்பு குனிந்தபடிதான். ஆன்டனி ஒரு வரிசை, டெர்வ்லா ஒரு வரிசை. அடுத்த வரிசையில் பக்கத்து வீட்டு மிக்கி ஜோ, எழுபதைத் தாண்டிய கட்டைப் பிரம்மச்சாரி. அவருக்கு அப்பால் கடைக்காரி பெர்னி. இன்று இவர்கள் இங்கே வந்தால், அடுத்த வாரம் இவர்கள் வரிசைக்கு வின்னி வீட்டார் போக வேண்டும். யாரும் அதைச் சொல்லிக் கேட்பதில்லை. இஸ்லா நான்கு கட்டிகளை நிறுத்தினாள், ஐந்தாவதை வைத்ததும் எல்லாம் சரிந்தன, ஆஸ்திரேலிய உச்சரிப்பில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். மிக்கி ஜோ விழுந்து விழுந்து சிரித்தார்.

காற்று நின்றதும் கண்ணுக்குத் தெரியாத பொடிக்கொசுக்கள் கிளம்பின. வின்னி பிளாஸ்க்கைத் திறந்தாள். பன்றி இறைச்சி வைத்த ரொட்டி, அவித்த முட்டை, ருபார்ப் என்னும் புளிப்புத் தண்டு வைத்துச் சுட்ட பெரிய வட்டப் பணியாரம். எல்லோரும் வண்டிப் பாதையின் சரிவில் உட்கார்ந்தார்கள்.

“அப்பறம், கண்ணு?” என்றார் மிக்கி ஜோ, ரொட்டியைக் கடித்தபடி. “எனக்கு ஒரு நன்றி சொல்லல பாத்தியா நீ.”

“எதுக்கு?”

“எதுக்கா! உன்ன அந்த ஆள்கிட்டேருந்து காப்பாத்தி விட்டேனே. ஏப்ரல்ல. வெள்ளக் கார். ஷூவுல மூஞ்சி பாக்கலாம், அவ்வளவு பளபளப்பு. கையில ஒரு அட்ட வச்சுக்கிட்டு, டெர்வ்லா கோகன் இங்கதான் குடியிருக்காங்களான்னான். எந்த டெர்வ்லான்னேன். இந்தப் பக்கம் கல்லு விட்டா ஒரு டெர்வ்லா மேலதான் விழும்னேன். வின்னி பொண்ணுன்னான். ஓ, அவளா, அவ ஆஸ்திரேலியாவுல இருக்கா, நான் பாத்துப் பதினோரு வருசம் ஆச்சுன்னேன்.”

பெர்னி முட்டையை உரித்துக்கொண்டே குலுங்கினாள். “அடப் பாவி மனுசா.”

“இரு, இன்னும் இருக்கு. அந்நேரம் பாத்து இந்தப் பய, இதோ இந்த ஜெட், என் டிராக்டர் மேல ஏறி ஸ்டியரிங்கப் புடிச்சுக்கிட்டு நிக்கறான். யாரு இந்தப் பையன்னு கேட்டான். என் தங்கச்சி பேரன்னேன்! மூஞ்சியில ஒரு சுருக்கம் விழணுமே எனக்கு!”

“என் கடைக்கும்தான் வந்தான்,” என்றாள் பெர்னி. விட்டுக்கொடுக்க அவளுக்கு மனமில்லை. “ஒரு ஐஸ்கிரீம வாங்கி வச்சுக்கிட்டு, சும்மா பேசற மாதிரி நோண்டினான். டெர்வ்லா எப்ப வந்தா, எத்தன நாளா இருக்கான்னு. லீவுக்கு வந்திருப்பா போலிருக்கு, பெட்டியக்கூடப் பிரிச்ச மாதிரி தெரியலையேன்னு சொன்னேன். ஐஸ்கிரீம் உருகி அவன் கையெல்லாம் வழிஞ்சுது. நல்லா வேணும்.”

ஆன்டனி அவர்களோடு சேர்ந்து சிரிக்கவில்லை. தேநீரை ஊதிக்கொண்டிருந்தான்.

டெர்வ்லாவின் கையில் இருந்த ரொட்டி அப்படியே நின்றது. கார்னகில்லில் கதவைத் தட்டிக் கேள்வி கேட்கும் எவனுக்கும் யாரும் உண்மை சொன்னதில்லை. அவள் பாட்டன் காலத்தில் குத்தகை வசூலிக்க வந்த நிலக்காரன் ஆள், அப்புறம் கள்ளச்சாராயம் தேடும் போலீஸ், அப்புறம் நாய் லைசென்ஸ்காரன். டிவி லைசென்ஸ்காரன் வரும் நாளில் ஊரில் ஒரு வீட்டிலும் டிவி இருக்காது. கோட்டும் டையும் போட்டு வருபவன் பிடிக்கத்தான் வருவான், நம் ஆளை நாம் மறைக்க வேண்டும். இது சின்ன வயதில் அவளுக்கும் பாலோடு சேர்த்து ஊட்டியதுதான்.

“அவன வரச் சொன்னதே நான்தான்,” என்றாள்.

யாருக்கும் உடனே புரியவில்லை.

“நான்தான் எழுதிப் போட்டேன். புள்ளைங்களுக்குப் பணம் வேணும், நாங்க இங்க இருக்கோம்னு. நெசமா இருக்கோமான்னு பாக்க அவன் வந்தான். நீங்க எல்லாரும் சேந்து இல்லைன்னு நிரூபிச்சு அனுப்பிட்டீங்க.”

பெர்னி உரித்த முட்டையைக் கையில் வைத்தபடி மிக்கி ஜோவைப் பார்த்தாள். மிக்கி ஜோ தொப்பியைக் கழற்றினார்.

“யேசு மரி சூசையே,” என்றார். “எனக்கெப்படிம்மா தெரியும்? நீ ஏதோ தெரியாம பணம் வாங்குற, மாட்டிவிட வந்திருக்கான்னுல்ல நெனச்சேன். நான் நாளைக்கே போறேன். போயி சொல்றேன்.”

“என்னன்னு சொல்வீங்க? அன்னைக்குச் சொன்னது பொய், இன்னைக்குச் சொல்றது நெசம்னா?”

அவர்மேல் அவளுக்குக் கோபம் வந்த வேகத்திலேயே போய்விட்டது. அந்த மனுசன் அவளைக் காப்பாற்றத்தான் பொய் சொன்னார், சந்தோசமாகச் சொன்னார். கோபம் வேறு பக்கம் திரும்பியது. அம்மா இவ்வளவு நேரமும் பணியாரத்தைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். ஒரே அளவாக, மிகக் கவனமாக.

“உன்கிட்டயும் வந்தானா?”

“யாரு?”

“அம்மா!”

பெர்னிதான் மெல்லச் சொன்னாள். “அர மணி நேரம் கார் உங்க வாசல்ல நின்னுச்சுடி.”

“டீ குடுத்தேன்,” என்றாள் வின்னி. “வந்தவனுக்கு ஒரு டீ குடுக்காம இருக்க முடியுமா? பாவம், தலைவலின்னான். தாயில்லாத புள்ளையாம்.”

“என்ன சொன்ன அவன்கிட்ட?”

“லீவுக்கு வந்திருக்கான்னு சொன்னேன்.”

கொசு அவள் இமைமேல் கடித்தது. டெர்வ்லா அதைத் தட்டவில்லை. “இவங்களுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். உன் மேசையில வச்சுத்தான் எழுதினேன். கவர ஒட்டுறதுக்கு நீதான் ஈரத்துணி குடுத்த. எல்லாம் தெரிஞ்சு சொன்னியா?”

“மழ வர்ற மாதிரி இருக்கு,” என்றாள் வின்னி.

மழை வருகிற மாதிரி இல்லை. கடல் வரைக்கும் வானம் நீலமாகக் கிடந்தது.

டெர்வ்லா எழுந்து தன் வரிசைக்குப் போனாள். இருட்ட இன்னும் நெடுநேரம் இருந்தது. ஒருவரோடும் பேசாமல், இரண்டு ஆள் வேலையை ஒருத்தியாகச் செய்தாள். கட்டிகளை எடுத்து எடுத்துச் சாத்தினாள். ஆன்டனி பக்கத்தில் வந்து, “நான் ஜீப்புலயே சொன்னேன்ல,” என்றபோது கையில் இருந்த ஈரக்கட்டி உடைந்து இரண்டாகிவிட்டது.

“அவன் வந்தது உனக்குத் தெரியுமா?”

“அம்மா போன் பண்ணுச்சு.”

“நீதான் சொல்லிக் குடுத்தியா?”

“யாரும் யாருக்கும் சொல்லிக் குடுக்கல. குனிஞ்சு வேலையப் பாரு.”

செவ்வாய்க்கிழமை ஆலையில் மதிய இடைவேளையில் அவள் சாப்பிடவில்லை. எதிரே மீன் வறுவல் கடைக்குப் போனாள். மாடியில் இரண்டு அறை காலியாக இருப்பதாகக் கண்ணாடியில் ஒரு மாதமாக அட்டை தொங்கியது. எண்ணெய்ப் புகை ஏறிய சுவர், குட்டையான குளியலறை. சன்னலைத் திறந்தால் படகுத்துறை. குழந்தைகள் காப்பகம் இரண்டு தெரு தள்ளி. டவுன் பள்ளிக்கூடம் மூன்றாவது தெரு. கடைக்காரர் ஒப்பந்தத்தில் அவள் பெயரையும் பிள்ளைகள் பெயரையும் கேட்டு எழுதினார். அவராகவே கேட்டார். “விலாசத்துக்கு ஏதாச்சும் லெட்டர் வேணுமாம்மா? வர்றவங்க எல்லாரும் கேப்பாங்க.” அவ்வளவு சாதாரணமாக ஒரு மனிதன் அதைக் கேட்டதும் டெர்வ்லாவுக்கு அழுகை முட்டியது. அழவில்லை. வேண்டும் என்றாள்.

வெள்ளிக்கிழமை மாலை மிக்கி ஜோ வந்தார். கதவைத் தட்டினார். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டி நிற்பது அதுதான் முதல் தடவை. வின்னி மாட்டுக்கொட்டில் பக்கம் போயிருந்தாள். பூசைக்குப் போடும் கோட்டுப் போட்டிருந்த அவர், நான்காக மடித்த தாளை நீட்டிவிட்டு, அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். பள்ளிக்கூடப் பையன் எழுத்து.

‘ஐயா, நான் மைக்கேல் ஜோசப் பாடன். ஏப்ரல் மாதம் உங்கள் ஆளிடம் நான் சொன்னது பொய். டெர்வ்லா கோகன் என் வேலிக்கு அந்தப் பக்கம் பிப்ரவரியிலிருந்து இருக்கிறாள். வாரத்தில் மூன்று நாள் காலையில் அவள் கார் கிளம்பும் சத்தத்தில்தான் நான் எழுந்திருக்கிறேன். டிராக்டர் மேல் இருந்தது அவள் பையன். அவன் என் தங்கை பேரன் இல்லை. எனக்குத் தங்கை இல்லை. என்ன தண்டனை உண்டோ கொடுங்கள்.’

“போதுமா?” என்றார்.

“போதும், மிக்கி ஜோ.”

“அம்மா இன்னும் எழுதலையோ?”

“இல்ல.”

அவர் தொப்பியை ஒரு சுற்று சுற்றினார். “ஞாயித்துக்கிழம என் வேன் சும்மாதான் நிக்கும்,” என்றார். டவுனில் அறை எடுத்ததை அவள் ஊரில் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. ஆனால் பெர்னியின் மச்சான்தான் மீன் வறுவல் கடைக்கு உருளைக்கிழங்கு போடுகிறவன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஆன்டனியும் கார்மெலும் சாப்பாட்டுக்கு வந்தார்கள். அவித்த பன்றி இறைச்சி, முட்டைக்கோஸ், கிழங்கு. தண்ணீர் கோக்காத நல்ல கிழங்கு. மேல்முறையீட்டுக்கு இன்னும் மூன்று நாள்தான் இருந்தது. மேசை ஓரத்தில் ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் எட்டாம் நாளிலிருந்து அங்கேயே கிடந்தன. தினமும் காலையில் வின்னி அதைத் தூக்கிவிட்டுத் துடைப்பாள், துடைத்துவிட்டு அதே இடத்தில் வைப்பாள்.

“எத்தன நாளைக்கு இந்த மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்கப் போற?” என்றான் ஆன்டனி.

“அம்மா எழுதற வரைக்கும்.”

“எழுதினா என்ன ஆகும்னு தெரியுமா உனக்கு? படிச்சவதான நீ? தனியா இருக்கற வயசானவங்கன்னு சொல்லித்தான் அம்மாவுக்கு வாரா வாரம் கூடுதலா வருது. நீ இங்க குடியிருக்கன்னு எழுதின அன்னைக்கு அது நிக்கும். பிப்ரவரியிலேருந்து வாங்கினதத் திருப்பிக் கேப்பான்.”

“அத நான் சம்பளத்துலேருந்து குடுக்கறேன்னு அம்மாகிட்ட ரெண்டு தடவ சொல்லிட்டேன். அடுத்தது சொல்லு.”

“அடுத்ததுன்னா?”

“நெசமான காரணத்தச் சொல்லு.”

ஆன்டனி முள்கரண்டியைக் கீழே வைத்தான். “வீடு என் பேர்ல இருக்கு. அப்பா எழுதி வச்சது. அம்மா காலம் வரைக்கும் அம்மா இருக்கலாம். உன் பேர்ல இந்த விலாசத்துல ஒரு கவர்மெண்ட் காயிதம் வந்துட்டா, நாளைக்கு ஒரு வக்கீலப் புடிச்சுக்கிட்டு நீ வந்து நிக்க மாட்டேன்னு என்ன நிச்சயம்?”

“உன் வீடா? இந்த ஒழுகற கூரையா? அத நீயே தின்னுடா.”

“நாக்க அடக்கிப் பேசு, புள்ளைங்க இருக்கு,” என்றாள் வின்னி.

“புள்ளைங்க இருக்கா? எங்க இருக்கு? லீவுக்கு வந்ததுதான அதுங்க?” டெர்வ்லாவின் குரல் ஏறியது. “நீ சொல்லு. ஆன்டனிக்கு வீடு. உனக்கு என்னம்மா?”

வின்னி தட்டைத் தள்ளினாள். முதல் முறையாக அவள் கிழங்கைப் பற்றியோ வானத்தைப் பற்றியோ பேசவில்லை.

“பதினோரு வருசமா என் பொண்ணு ஆஸ்திரேலியாவுல இருக்கா, சோதனைக் கூடத்துல இருக்கா, அங்க பெரிய வீடுன்னு சொல்லிக்கிட்டு இந்த ஊர்ல தல நிமிந்து நடந்தேன். ஃபாதர்கிட்ட சொன்னேன். எல்லார்கிட்டயும் சொன்னேன். மாப்பிள்ள வேல முடிஞ்சதும் வந்து கூட்டிட்டுப் போவார்னு சொன்னேன். இப்பப் போயி, இல்ல, அவ புருசன விட்டுட்டு வந்துட்டா, நண்டு உரிக்கறா, கவர்மெண்ட் காசுக்குக் கையேந்தறான்னு என் கையால எழுதித் தரணுமா நான்? எங்க காலத்துலயும்தான் கதவச் சாத்தினாங்க. நாங்க என்ன, ஊருக்கு எழுதிப் போட்டோமா?”

அடுப்பில் மண்கட்டி ஒன்று சரிந்து உட்கார்ந்தது. டெர்வ்லா தன் வலது கையைத் தூக்கி மேசைமேல் வைத்தாள். நடுவிரல் மட்டும் தனியாக நின்றது.

“இத நீ பாத்திருக்க,” என்றாள். “வந்த அன்னைக்கே பாத்த. என்ன ஆச்சுன்னு ஒரு தடவ கேட்டியா?”

வின்னி விரலைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள். அந்தப் படத்தில் விரல்கள் எல்லாம் சரியாக இருந்தன.

டெர்வ்லா எழுந்தாள். “சரி. சாப்பாட்டுக்கு நன்றி. டவுன்ல ரெண்டு ரூம் எடுத்திருக்கேன். இன்னைக்கே போறோம். நாளைக்குக் காலையில மேல்முறையீட்ட நானே நேர்ல கொண்டுபோய்க் குடுக்கறேன். இஸ்லா செப்டம்பர்லேருந்து டவுன் பள்ளிக்கூடம். வியாழக்கிழமையே பேர் எழுதிட்டேன்.”

அதுவரை வாயைத் திறக்காமல் முட்டைக்கோஸைத் தட்டில் ஒதுக்கிக்கொண்டிருந்த கார்மெல் நிமிர்ந்தாள். முகம் மாவாக வெளுத்தது.

“டவுன் பள்ளிக்கூடமா? டெர்வ்லா, அவ்வளவு தூரம்... இஸ்லா போயிட்டா எண்ணிக்கை... உனக்குத் தெரியுமே.”

“தெரியும்.”

“நீ இத வேணும்னே பண்ற!” ஆன்டனி நாற்காலி சாய எழுந்தான்.

“என் பொண்ணு குடியிருக்கற ஊர்ல இருக்கற பள்ளிக்கூடத்துக்குப் போறா. இந்த ஊர்ல அவ குடியில்லன்னு நீங்கதான சொன்னீங்க? லீவுக்கு வந்த புள்ளைய எந்த ஊர்லயாச்சும் ரெஜிஸ்டர்ல சேப்பாங்களா?”

கார்மெல் புருசனைப் பார்த்தாள். ஆன்டனி அம்மாவைப் பார்த்தான். அவன் மோவாயை லேசாக அசைத்தான். அவ்வளவுதான். வின்னி கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு எழுந்து, மேசை ஓரத்திலிருந்து வெள்ளைத்தாளை இழுத்தாள். பேனாவின் மூடியைக் கழற்றினாள்.

“எழுதறேன், உக்காரு,” என்றாள். “என்ன எழுதணும்? நீயே சொல்லு.”

பத்து நாள் அந்தப் பேனா அதே இடத்தில் கிடந்தது. மகளின் விரலுக்காக அது எழுந்திருக்கவில்லை. இரண்டு பேரப்பிள்ளைகளுக்காகவும் எழுந்திருக்கவில்லை. கார்மெலின் வேலை என்றதும் மூடி கழன்று நிற்கிறது.

டெர்வ்லா ஒரு நிமிடம் அந்தத் தாளைப் பார்த்தாள். அம்மா அதற்குள் தேதியை எழுதியிருந்தாள். நல்ல, சாய்வான, கன்னியர் பள்ளிக்கூடத்து எழுத்து.

“தேவைப்படல. அத வச்சுக்க,” என்றாள்.

மிக்கி ஜோவின் வேன் வாசலுக்கு வந்திருந்தது. காலையில் மற்றவர்கள் பூசைக்குப் போயிருந்த நேரத்தில் பெட்டிகள் எல்லாம் அதில் ஏறிவிட்டன. முன் இருக்கையில் ஏறிவிட்ட ஜெட்டுக்கு மிக்கி ஜோ ஹாரன் அடிக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். டெர்வ்லா இஸ்லாவின் கோட்டுப் பொத்தானைப் போட்டாள். மடங்காத விரலோடு பொத்தான் போடுவதற்கு எப்போதும் கொஞ்சம் நேரம் ஆகும். யாரும் அசையவில்லை. இஸ்லா மட்டும் பாட்டியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

கதவுவரை வந்தபோது வின்னி கேட்டாள். பேனா இன்னும் அவள் கையில்தான் இருந்தது.

“அடுத்த ஞாயிறு பூசையில எல்லாரும் கேப்பாங்களே. நான் என்னடி சொல்றது?”

டெர்வ்லா தாழ்ப்பாளைத் தூக்கினாள்.

“லீவு முடிஞ்சுதுன்னு சொல்லு.”

இஸ்லாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே இறங்கினாள். ஹாரன் இரண்டு முறை அடித்தது.